திட்டமும் வாக்கும்

1

நானும் என் நண்பர் ஒருவரும் சுமார் பத்து ஆண்டுகளாக ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். திருச்சியிலிருந்து சென்னைக்கு, பழைய சாலை வழியாக, இருபது நாளில். பஸ்ஸில் ஆறு மணி நேரத்தில் போய்ச் சேருகிற தூரத்துக்கு இருபது நாள் எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். யாரும் கேட்கவில்லை. தூரம் ஏறக்குறைய இருநூறு மைல். வண்டி மாடு நாளொன்றுக்குப் பத்து மைல் போகும் என்பது நண்பர் கணக்கு. ஆகவே இருபது நாள்.

நண்பர் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உறையூரில் வீடு. நான் வங்கியில் குமாஸ்தாவாகக் காலம் கழித்தவன், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் பாலம் கடந்து வருவார். அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து நோட்டைப் பிரிப்போம். நீளவாட்டில் தைத்த கணக்கு நோட்டு. பக்கத்துக்கு ஒரு நாள்: புறப்படும் ஊர், சேரும் ஊர், இடையில் பார்க்க வேண்டியவை, இரவுத் தங்கல், உத்தேசச் செலவு.

சில விதிகள் வைத்திருந்தோம். புறவழிச் சாலையில் கால் வைக்கக் கூடாது. பழைய சாலை எந்த ஊருக்குள் நுழைந்து போனதோ அந்த ஊருக்குள் நுழைந்தே போக வேண்டும். டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, நடை மூன்றும் அனுமதி, கார் கிடையாது. யாருக்கும் முன்கூட்டித் தகவல் சொல்வதில்லை. இந்த விதிகளை உண்டாக்குவதிலும், அவற்றுக்கு விலக்கு ஏற்படுத்துவதிலும், பிறகு விலக்கை ரத்து செய்வதிலும் பல ஞாயிறுகள் போயின. அவை சந்தோஷமான ஞாயிறுகள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கேட்க விரும்பும் கேள்வி அந்தச் சந்தோஷத்தைப் பற்றியது. அதை யார் செலவில் அனுபவித்தேன் என்பது.

2

சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தது. சென்னையில் இன்றும் ஜி.எஸ்.டி. ரோடு என்றால்தான் தெரியும். பிறகு தேசிய நெடுஞ்சாலை 45 ஆயிற்று. 2010-ல் எண்களை மாற்றியபோது சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 132, அதற்குத் தெற்கே 38 என்று ஒரே சாலை மூன்று எண்களாகப் பிரிந்தது. லாரிக்காரர்கள் நாக்கில் இன்னும் நாற்பத்தைந்துதான். இந்தச் சாலை இங்கிலீஷ்காரர்களோடு பிறந்ததும் அல்ல. 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி மங்கம்மாள் திருச்சியில் இருந்துகொண்டுதான் நாயக்க நாட்டை ஆண்டாள். அவள் போட்டதாகச் சொல்லப்படும் சாலைகளும் கட்டிய சத்திரங்களும் தெற்கே இன்னும் அவள் பெயரில் வழங்குகின்றன. வடக்கே போகிற தடத்தில், பெரம்பலூர் தாண்டி ரஞ்சன்குடிக் கோட்டை சாலையை ஒட்டியே நிற்கிறது. 1751-ல் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அந்த வட்டாரத்தில் மோதிக்கொண்டார்கள். இரண்டு படைகளும் திருச்சியைக் குறிவைத்து வந்தவை. வழி வேறு இல்லை.

திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தைக் கடந்ததும் வருகிற ஊருக்கு நம்பர் ஒன் டோல்கேட் என்று பெயர். நாமக்கல் சாலை, சிதம்பரம் சாலை, சென்னைச் சாலை மூன்றும் அங்கே பிரிகின்றன. அங்கே டோல்கேட் கிடையாது. சுங்கம் போய்ப் பெயர் தங்கிவிட்டது. இப்போது சுங்கம் வாங்குகிற சாவடி சமயபுரத்தருகே நாற்கரச் சாலையில் இருக்கிறது. அதன் பெயரில் ஊர் எதுவும் முளைக்கப்போவதில்லை. அங்கே வண்டி நிற்பதுகூட இல்லை. கண்ணாடியில் ஒட்டிய வில்லையைக் கருவி படித்துக்கொள்கிறது. ஒரு இடம் ஊராக வேண்டுமானால் அங்கே மனிதர்கள் காத்திருக்க வேண்டும் போலும்.

நாங்கள் திட்டம் போட ஆரம்பித்தபோது கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய இரும்புப் பாலம்தான் இருந்தது. 2016-ல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தில் வண்டிகள் நின்றுபோய் நடக்கிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். நோட்டின் முதல் பக்கத்தில், 'பழைய பாலத்தில் நடந்து கடப்பது, விடியற்காலை' என்று நண்பர் எழுதியிருக்கிறார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. பிறகு பாலத்தை அகற்றிவிட்டார்கள். அந்த வரியை அவர் அடிக்கவில்லை. மேலே சிறிதாக 'புதிய' என்று மட்டும் எழுதினார். 'பழைய' என்ற சொல் அதன் கீழே அப்படியே இருக்கிறது.

புளியமரங்கள் வேறு கதை. சாலையோரப் புளியமரங்களுக்கு எண் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். காய்ப்பு ஏலத்துக்குப் போகும். நண்பருக்குத் தம் பிரிவின் மரங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாத குறைதான். சாலை நாற்கரமானபோது இந்த மரங்கள்தாம் முதலில் போயின. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "நிழல் நடக்கிறவனுக்குத்தானே சார்? நடக்கிறவன் எங்க?" என்று ஒரு தடவை சொன்னார்.

3

நண்பரின் மருமகன் ஒரு நாள் எங்கள் நோட்டைப் புரட்டிவிட்டு, அமெரிக்காவில் இப்படி ஒரு சாலை இருக்கிறது, அறுபத்தாறாம் எண் சாலை, அதில் போவதற்கென்றே உலகமெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார். நான் தேடிப் படித்தேன். 1926-ல் எண் பெற்ற சாலை, சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவில் சான்டா மோனிகா வரை ஏறக்குறைய 2,400 மைல், எட்டு மாநிலங்கள். முப்பதுகளில் புழுதிப் புயலுக்கும் கடனுக்கும் நிலத்தைப் பறிகொடுத்த விவசாயக் குடும்பங்கள் மேற்கே பிழைக்கப் போன பாதை. 1956-ல் புதிய விரைவுச் சாலைகளுக்குச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊராக ஒதுக்கப்பட்டு, கடைசியில் 1985-ல் அந்த எண்ணே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அரிஸோனாவில் ஸெலிக்மன் என்ற சிற்றூரை 1978-ல் புதுச் சாலை விலக்கிவிட்டுப் போயிற்று. அந்த ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருந்த ஒருவரும் அவரோடு சிலரும் 1987-ல் ஒரு சங்கம் வைத்து, பழைய சாலைக்குச் சரித்திர அந்தஸ்து வாங்கினார்கள். இன்று அந்த ஊர் பயணிகளை நம்பி வாழ்கிறது.

எனக்கு உற்சாகமாக இருந்தது. நாம் தனியாக இல்லை என்ற உற்சாகம். ஆனால் மேலே படிக்கப் படிக்க ஒரு சங்கடம் ஏற்பட்டது. அதே சாலையில் அதே காலத்தில் காரில் போன கறுப்பர்களுக்குப் பல ஊர்களில் படுக்க இடமில்லை; சில ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகு இருக்கவே கூடாது. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-லிருந்து ஒரு கையேடு வெளியிட்டு வந்தார். எந்த ஊரில் எந்த விடுதி, எந்த உணவுக் கடை, எந்தப் பெட்ரோல் பங்க் கறுப்பரை ஏற்றுக்கொள்ளும் என்ற பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட திட்டமும் பயணத் திட்டம்தான். எங்கள் நோட்டும் பயணத் திட்டம்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது எவ்வளவு அபத்தம்! அவர்களுக்கு ஒரு ஊர் தப்பிப்போனால் அடி விழும். எங்களுக்கு ஒரு ஊர் தப்பிப்போனால் நோட்டில் ஒரு அடித்தல் விழும்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் நோட்டைத் திருப்பிப் 'டீ' என்று தலைப்பிட்ட பக்கத்தைக் காட்டினார். சாலையோர டீக்கடைகளின் பட்டியல் அது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். டீ நன்றாக இருக்கும் கடைகள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். தார் போடும் ஆட்களுடன் அவர் பல ஆண்டுகள் அந்தச் சாலையில் நின்றவர். அந்த ஆட்களுக்கும் தமக்கும் ஒரே கிளாஸில் டீ கொடுத்த கடைகள் மட்டுமே அந்தப் பட்டியலில் இருந்தன. இரட்டைக் கிளாஸ் வைத்திருந்த கடைகளில் சில நல்ல டீ போட்ட கடைகள். அவை இல்லை. "அப்ப நான் ஒண்ணும் கேக்கல சார். வெளியில நின்னு அவங்களோட குடிச்சேன், அவ்வளவுதான். இப்ப நோட்டுல எழுதாம விடறேன்" என்றார்.

பழைய சாலை மீது எனக்கிருந்த ஏக்கம் எவ்வளவு சுத்தமில்லாதது என்று அன்று தெரிந்தது. நான் சத்திரம், நிழல், மைல்கல் என்று உருகிக்கொண்டிருந்தேன். சத்திரத்தில் யாருக்கு இலை போட்டார்கள், யாரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கோயிலைச் சுற்றிய சாலையில் நடப்பதற்கே 1924-ல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. தெரு என்பது எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் இந்த நாட்டில் சாலைகளை விட வயது குறைந்தது. நாற்கரச் சாலை யாரையும் அடையாளம் கண்டுகொள்வதில்லை என்று நான் குறைப்பட்டேன். அடையாளம் கண்டுகொள்ளப்படாமல் போவது சிலருக்கு விடுதலையாக இருந்திருக்கும்.

2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு மூடப்பட்டது. அதற்கடுத்த வாரங்களில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நாற்கரச் சாலைகளில் நடந்தே ஊருக்குப் போனார்கள். நோட்டு அப்போது என் மேஜை மேல் இருந்தது. 'நாள் ஒன்றுக்குப் பத்து மைல்' என்று அதன் முதல் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். கூச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கூச்சத்தில் எனக்கு வேறொரு சௌகரியமும் இருந்தது. ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

4

காரணம் பொய். அந்த ஆண்டு தை மாதத்தில் நண்பர் கிளம்பத் தயாராக இருந்தார். பை தைத்து வாங்கியிருந்தார். குளிர் குறைந்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நாள் குறித்தார். நான்தான் தள்ளிப்போட்டேன். ஒரு சிறுபத்திரிகைக்குக் கட்டுரை முடிக்க வேண்டியிருக்கிறது, மாசியில் போகலாம் என்றேன். அந்தக் கட்டுரை இன்றுவரை முடியவில்லை. 2022-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

அதற்குப் பிறகு நான் உறையூருக்குப் போக ஆரம்பித்தேன், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நோட்டோடு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. எழுதுவது இப்போது என் வேலையாயிற்று. வேப்பூரில் தங்குவதா, உளுந்தூர்பேட்டை வரை போய்விடுவதா என்று பேசுவோம். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க வந்துட்டுப் போனா அவருக்கு ரெண்டு நாளைக்குத் தெம்பா இருக்கு" என்பார். நான் ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருப்பதாக நம்பினேன்.

போன ஆண்டு ஒரு ஞாயிறு. மதுராந்தகம் ஏரிக்கரையில் ஒரு பொழுது முழுக்க உட்கார வேண்டும் என்று நான் விஸ்தரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"இப்பத்தான் உங்களுக்கு வசதி சார். இனிமே கெளம்பவே வேண்டாம்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சாலையின் சரிவைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பாலத்தின் மேல் பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியம் சரியானது என்று தெரிந்தது.

5

எனக்காக என்ன வாதாடலாம் என்று யோசித்தேன்.

முதல் வாதம்: இது ஏமாற்று அல்ல. நிறைவேற்றும் எண்ணமில்லாமல் கொடுக்கும் வாக்கைக் காண்ட் 1785-லேயே கண்டித்துவிட்டார். அப்படி எல்லோரும் வாக்குக் கொடுத்தால் வாக்கு என்ற ஒன்றே இல்லாமல் போகும் என்பது அவர் நியாயம். ஆனால் நாங்கள் இருவருமே போகப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்த பொய் பொய்யல்ல. அது ஒரு ஆட்டம். இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆட்டத்திலிருந்து எழுந்து போகிற சுதந்திரம் இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும். நான் எப்போது வேண்டுமானாலும் நோட்டை மூடிவிட்டுச் சமயபுரம் பஸ் ஏறலாம். அவரால் முடியாது. முடியாதவன் ஆடுவதும் முடிந்தும் செய்யாதவன் ஆடுவதும் ஒரே ஆட்டம் அல்ல.

இரண்டாவது வாதம்: அவருக்கு அது மகிழ்ச்சி தந்தது. தந்திருக்கலாம். மகிழ்ச்சியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. 2015-லிருந்து 2020 வரை அவருக்கு நடக்கிற கால்கள் இருந்தன. அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு ஞாயிறும் திட்டத்தை இன்னும் கொஞ்சம் செப்பனிட்டதில் செலவானவை அவருடைய நாட்கள். என்னுடைய நாட்களும்தான், ஆனால் நான் செலவழித்ததற்கு ஈடாக எனக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டியது திட்டம்தான். அவருக்கு வேண்டியது சாலை. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பலனை எதிர்பாராமல் செயலைச் செய் என்று கீதை சொல்கிறது. நான் செயலைத் துறந்துவிட்டுப் பலனை மட்டும் வாராவாரம் அனுபவித்தேன்.

இதை என்னுடைய தனிப்பட்ட குணக்கேடாக மட்டும் வைத்துவிட்டால் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டியதில்லை. நம் சிற்றிதழ்களின் பின்னட்டைகளில் 'வெளிவர இருக்கின்றன' என்று அச்சான பட்டியல்களை யாராவது சேகரித்தால், தமிழில் இல்லாத ஒரு பெரிய நூலகமே கிடைக்கும். அந்த மொழிபெயர்ப்புகளையும் நாவல்களையும் பற்றி நாம் எத்தனை இரவுகள் பேசியிருக்கிறோம். பேசிய இரவே போதும் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஒரு இளைஞன் அதை நம்பி வேலையை விட்டிருப்பான், அல்லது அசலைத் தேடி ஊர் ஊராக அலைந்திருப்பான். பாவனை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதை மெய்யென்று எடுத்துக்கொள்ளும் ஒருவன் பக்கத்தில் இருப்பான். அவன்தான் அதற்கு விலை கொடுக்கிறான்.

காப்ரியல் மார்செல் 1935-ல் வெளியிட்ட நாட்குறிப்பு நூலில் இதற்கு அருகிலான ஒரு நிலைமையை ஆராய்கிறார். சாவை எதிர்நோக்கிப் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போனவர் இரக்கத்தால் தூண்டப்பட்டு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். சொன்னபோது இரக்கம் உண்மை. நாளாக அது வடிந்துவிடுகிறது. இப்போது உணர்ச்சியில்லாமல் போனால் நடிப்பு; போகாவிட்டால் துரோகம். வாக்கு என்பது ஒரு உணர்ச்சியைப் பாதுகாப்பது என்று எண்ணுகிற வரை இதிலிருந்து வெளியேற வழியில்லை, வாக்கு ஒரு மனிதனுக்குக் கட்டுப்பட்டது என்று கொண்டால்தான் வழி என்கிற திசையில் அவர் யோசனை போகிறது. என் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். வருகிறேன் என்று சொன்ன வார்த்தையை நான் ஒரு வாரம்கூட மீறவில்லை. உணர்ச்சியும் வடியவில்லை. பிசகாமல் போய் உட்கார்ந்ததன் மூலமே முக்கியமான வாக்கை மறைத்துக்கொண்டிருந்தேன். விசுவாசமும் ஒரு ஒளிவிடமாக முடியும் என்பது மார்செலிடம் எனக்குக் கிடைக்கவில்லை, உறையூரில் கிடைத்தது.

6

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு பயணத்தைப் பற்றி எழுதுகிறவன் நம்பெருமாளை விட்டுவிட முடியாது. 1323-ல் தில்லிப் படை வந்தபோது உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் ஊரை விட்டுப் போயிற்று. மதுரைப் பக்கம், கோழிக்கோடு, மேல்கோட்டை, திருப்பதி என்று அலைந்து, செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில் தங்கி, 1371-ல் திரும்பி வந்ததாகக் கோயிலொழுகு வழி வந்த மரபு. நாற்பத்தெட்டு ஆண்டுகள். தூக்கிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? பிள்ளைலோகாசாரியர் மதுரைப் பக்கத்திலேயே இறந்துபோனார். அவர்களிடம் நோட்டு இல்லை. நாளை எங்கே என்பது தெரியாது. திரும்ப வேண்டும் என்பது மட்டும் தெரியும். திரும்பியபோது ஊரில் இருந்தவர்களுக்கு எது பழைய மூர்த்தி என்று அடையாளம் தெரியவில்லை என்றும், கண் தெரியாத ஒரு கிழட்டு ஈரங்கொல்லி திருமஞ்சன ஈரத்தைச் சுவைத்து இவர்தான் நம்பெருமாள் என்று சொன்னதாகவும் கதை. வேதம் தெரிந்தவர்களை விட்டுவிட்டு, துணி வெளுத்தவனிடம் அந்தத் தீர்ப்பு போகிறது. அவன் அந்த ஈரத்தோடு வேலை செய்தவன்.

நம்பிக்கையாளன் அல்ல நான். ஆனாலும் நேர்த்திக்கடன் என்ற சொல்லை யோசிக்கிறேன். மாசிக் கடைசி ஞாயிற்றில் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். நாலா திசையிலிருந்தும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள். இரவெல்லாம் பழைய சாலையில் கால்கள் போய்க்கொண்டிருக்கும். எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை என்று அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வதில்லை. வழியில் தண்ணீர்ப் பந்தலும் மோரும் யாரோ வைத்திருப்பார்கள். அந்த இருபத்தெட்டு நாளும் பக்தர்களுக்காக அம்மனே பட்டினி கிடக்கிறாள் என்பது ஐதீகம். இதில் பேரமும் உண்டு. பிள்ளை கொடு, நடக்கிறேன் என்பது வியாபாரம்தான். குடும்பத்தில் ஒருவர் நேர்ந்துகொண்டதற்கு இன்னொருவர் நடக்க வேண்டிய வதையும் உண்டு. இதையெல்லாம் மறைத்து அதை உயர்த்திப் பேச எனக்கு விருப்பமில்லை.

சொல்லில் மட்டும் நிற்கிறேன். திட்டம் எனக்கு நானே சொல்லிக்கொள்வது. ஆகவே நானே திருத்திக்கொள்ளலாம். வாக்கு இன்னொருவருக்குச் சொல்வது. அவர் விட்டுக்கொடுத்தால் தளரும், அவர் நல்லவராக இருந்தால் விட்டுக்கொடுத்தே விடுவார். நேர்ந்துகொண்டது கடன். அங்கே சாக்குச் சொல்லக் கேட்கிற காது இல்லை. கடனைப் பற்றி ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும்: முழுவதும் அடைக்க முடியாதபோது முடிந்ததை அடைக்கலாம். வட்டிக்காரனே அதை ஒப்புக்கொள்வான். திட்டத்துக்கு அந்தப் பண்பு இல்லை. இருபது நாள் முடியாதென்றால் இருபதும் இல்லை என்று ஆகிவிடுகிறது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்பதில் ஒரு கம்பீரம் இருப்பதாக எனக்கு வெகுகாலம் தோன்றியிருந்தது. அது சோம்பலின் கம்பீரம்.

7

அடுத்த ஞாயிறு நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. "சார், நான் அஞ்சு வருஷமா உங்களைத் தள்ளிப்போட்டேன். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. முதல் பக்கம் மட்டும் இப்ப போகலாமா?" என்று கேட்டேன். அவர் மனைவி பயந்தார். மருமகனும் நானுமாக அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தோம். கார் கிடையாது என்ற விதி ஆட்டோவால் மீறப்படவில்லை என்று அவரே சொன்னார். காவிரிப் பாலம், திருவானைக்கோவில், பிறகு கொள்ளிடம். புதுப் பாலத்தில் மெதுவாகப் போகச் சொன்னோம். பழைய பாலம் இருந்த பக்கம் மணலும் நாணலும் ஒரு ஓடை அளவு நீரும் தெரிந்தன. அவர் இடது கையைத் தூக்கி ஏதோ எண்ணினார். தூண்கள் நின்ற இடங்களாக இருக்கும். நான் கேட்கவில்லை.

சமயபுரம் வரை போவதாகத்தான் இருந்தது. நம்பர் ஒன் டோல்கேட்டில் அவருக்குச் சிறுநீர் முட்டிவிட்டது. கடை ஒன்றின் பின்னால் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைப்பதற்குள் மூன்று பேருக்கும் வியர்த்துவிட்டது. வேட்டி நனைந்திருந்தது. திரும்பிவிடலாம் என்று அவர்தான் சொன்னார். டீக்கடை ஒன்று இருந்தது. நான் இறங்கப் போனேன். "அது நோட்டுல இல்ல சார்" என்றார்.

அவருக்கு நான் தர வேண்டியது இருநூறு மைல். அன்று அடைத்தது ஐந்தோ ஆறோ. மீதியை அவரைக்கொண்டு அடைக்க முடியாது. நான் தனியாகப் போய் வந்து அவரிடம் சொல்லலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அது அடைப்பதாகுமா, அல்லது அவர் முன்னால் உட்கார்ந்து என் கால்களைக் காட்டிக்கொள்வதாகுமா என்று எனக்கு நிச்சயமில்லை. கேட்டேன். "போங்க. ஆனா புளியமரம் இருக்கற எடத்துல நின்னு எண்ணிட்டு வாங்க. எத்தனை மிச்சம்னு எனக்குத் தெரியணும்" என்றார். அது எனக்குச் சலுகையா அல்லது அவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் கணக்கா என்று நான் ஆராயப் போவதில்லை. ஆராய்ந்தால் இன்னொரு வருஷம் ஓடிவிடும்.

இந்தக் கட்டுரையும் ஒரு தள்ளிப்போடல்தான் என்று சொல்லக்கூடியவர்கள் இந்த இதழின் வாசகர்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆகவே இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். பெரம்பலூர் டவுன் பஸ்கள் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அதை நோட்டில் எழுதவில்லை.